அரக்கன் துரத்துகிறான், ஆனால் தொட்டதுமே பிளேயர் காலி – உதவி தேவை (கோடாட் 4, 2டி)

கேட்டவர்:
வணக்கம். கோடாட் என்ற ஆட்டம் செய்யும் மென்பொருளில், மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு 2டி ஆட்டம் செய்துகொண்டிருக்கிறேன். அரக்கன் பிளேயரைத் துரத்திப் பிடித்து அடிக்க வேண்டும், அவ்வளவுதான். துரத்துவது வந்துவிட்டது. மற்றதெல்லாம் தகராறு.

பிசிக்ஸ் பிராசஸில் (ஆட்டம் ஓடும்போது திரும்பத் திரும்ப இயங்கும் ஃபங்ஷன்) எழுதியிருப்பதைச் சொல்கிறேன்: தூரம் 200 பிக்சலுக்குள் இருந்தால் பிளேயரை நோக்கி நகர வேண்டும், வேகம் 120. தூரம் 50-க்குள் வந்தால் பிளேயரின் உயிரில் 10 கழிக்க வேண்டும். பிளேயருக்கு மொத்த உயிர் 100.

பத்து அடி தாங்க வேண்டிய பிளேயர் அரக்கன் பக்கத்தில் வந்ததுமே செத்துவிடுகிறார். ஓடாமல் நின்றால் அரக்கன் வந்து ஒட்டிக்கொண்டு இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி நடுங்குகிறான். (முன்பு பிளேயரைத் தள்ளிக்கொண்டே போனான். அதனால் இருவரும் மோதாதபடி லேயரை மாற்றி வைத்திருக்கிறேன்.) சுவர் குறுக்கே வந்தால் அதில் முட்டிக்கொண்டே நிற்கிறான். இரண்டு நாளாகத் தலையைப் பிய்த்துக்கொள்கிறேன்.

பதில் 1:
முதல் பிரச்சினை கணக்கிலேயே தெரிகிறது. பிசிக்ஸ் பிராசஸ் இயல்பாக நொடிக்கு 60 முறை ஓடும். நீங்கள் "50-க்குள் இருந்தால் 10 கழி" என்று எழுதியதை அது நொடிக்கு 60 முறை செய்கிறது. அந்த ஒவ்வொரு முறையும் ஒரு ஃபிரேம். 100 உயிர் பத்தே ஃபிரேமில், அதாவது நொடியில் ஆறில் ஒரு பங்கு நேரத்தில் தீர்ந்துவிடும். அரக்கன் ஒரு அடி அடிக்கவில்லை, பத்து அடி அடித்துவிட்டான், உங்கள் கண்ணுக்குத்தான் ஒன்றாகத் தெரிகிறது.

ஒரு டைமர் நோடு (நேரம் எண்ணும் உறுப்பு) சேருங்கள். ஒருமுறை ஓடி நின்றுவிடும்படி ஒன் ஷாட்டை ஆன் செய்து, காத்திருக்கும் நேரத்தை 0.8 நொடி என்று வையுங்கள். டைமர் நின்றிருந்தால் மட்டும் அடிக்கட்டும், அடித்த கையோடு டைமரைத் தொடங்கட்டும்.

அதைவிட முக்கியம், துரத்துவதையும் அடிப்பதையும் ஒரே இஃப் நிபந்தனைக்குள் அடைக்காதீர்கள். சும்மா இருத்தல், துரத்தல், தாக்குதல் என்று மூன்று நிலைகள் வைத்து, ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டும் இருக்கச் செய்யுங்கள். தாக்குதல் நிலைக்கு வந்ததும் வேகத்தைப் பூஜ்யமாக்குங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே போய்விடும்.

பதில் 2:
நடுக்கத்துக்கும் காரணம் அவன் நிற்காமல் துரத்திக்கொண்டே இருப்பதுதான். வேகம் 120 என்றால் ஒரு ஃபிரேமுக்கு 2 பிக்சல். மோதலை அணைத்துவிட்டதால் அரக்கன் பிளேயரின் நடுப்புள்ளிவரை போகிறான், 2 பிக்சல் தாண்டிவிடுகிறான், அடுத்த ஃபிரேமில் திரும்பி வருகிறான். ஒவ்வொரு முறையும் படம் புரளுகிறது. எட்டும் தூரத்தில் நின்றுவிட்டால் நடுக்கம் இருக்காது.

கூடவே இன்னொன்று. 200-இல் துரத்தத் தொடங்கி அதே 200-இல் விட்டுவிட்டால், பிளேயர் எல்லையில் நிற்கும்போது அரக்கன் போவதா வேண்டாமா என்று தத்தளிப்பான். தொடங்க 200, கைவிட 280 என்று இடைவெளி கொடுங்கள்.

பதில் 3:
வேகத்தை டெல்டாவால் (முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரம்) பெருக்கினீர்களா? அதுவாகக்கூட இருக்கலாம்.

பதில் 1:
இங்கே வேண்டாம். அரக்கனை நகர்த்தும் மூவ் அண்ட் ஸ்லைடு ஃபங்ஷன் டெல்டாவைத் தானே பார்த்துக்கொள்ளும். நாமும் பெருக்கினால் 120 வெறும் 2 ஆகி அரக்கன் நத்தையாகிவிடுவான்.

கேட்டவர்:
டைமர் வேலை செய்கிறது, நன்றி! நடுக்கமும் போயிற்று. துணிந்து மோதலையும் திரும்ப ஆன் செய்தேன். 50 பிக்சலில் அடித்தால் காற்றில் அடிப்பது போல இருக்கிறதே என்று அந்தத் தூரத்தை 30 ஆக்கினேன். இப்போது அடிக்கவே மாட்டேன் என்கிறான். பிளேயரை உரசிக்கொண்டு சும்மா நிற்கிறான். எர்ரர் எதுவும் வரவில்லை.

பதில் 1:
இருவரின் மோதல் வட்டத்துக்கும் ஆரம் எவ்வளவு?

கேட்டவர்:
பிளேயர் 16, அரக்கன் 24.

பதில் 1:
அதுதான் விஷயம். நீங்கள் அளப்பது நடுப்புள்ளியிலிருந்து நடுப்புள்ளிக்கு. 16-ம் 24-ம் சேர்ந்தால் 40. இருவரும் ஒட்டி நின்றாலும் தூரம் 40-க்குக் கீழே போகாது, அப்புறம் 30 எப்படி வரும்? 46 வைத்துப் பாருங்கள். எண்ணாக எழுதாமல் "இரு ஆரங்கள் + 6" என்று எழுதினால், நாளைக்குப் பெரிய அரக்கன் செய்யும்போது இதே குழியில் விழ மாட்டீர்கள்.

காற்றில் அடிப்பது போலத் தெரிவதற்கு மருந்து தூரத்தில் இல்லை, அனிமேஷனில் இருக்கிறது. கையை ஓங்க 0.3 நொடி கொடுங்கள். கை இறங்கும் ஃபிரேமில் தூரத்தை மறுபடி பார்த்து, அப்போதும் பிளேயர் எட்டினால் மட்டும் உயிரைக் கழியுங்கள். விலகித் தப்பிக்க ஒரு வாய்ப்பு இல்லாவிட்டால் ஆடுகிறவருக்கு எரிச்சல்தான் வரும்.

பதில் 2:
சுவரைச் சுற்றிப் போக, பாதை கண்டுபிடிக்கும் நோடான நேவிகேஷன் ஏஜென்ட்2டி போதும். நேவிகேஷன் ரீஜனில் நடக்கக்கூடிய பரப்பை பேக் செய்யுங்கள், அதாவது முன்கூட்டியே கணக்கிட்டு வையுங்கள். ஏஜென்ட் ரேடியஸ் (சுவரிலிருந்து விடும் இடைவெளி) இயல்பாக 10 இருக்கும். உங்கள் அரக்கனுக்கு ஆரம் 24, அதனால் அதை 26 ஆக்கிவிட்டு பேக் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு மூலையிலும் தோள் இடிக்கும். பாதையை ஃபிரேமுக்கு ஃபிரேம் கேட்காமல் 0.25 நொடிக்கு ஒருமுறை கேட்டால் போதும். தொடக்கத்தில் ஒருமுறை ஓடும் ரெடி ஃபங்ஷனிலேயே பாதை கேட்காதீர்கள், வரைபடம் அப்போது தயாராகியிருக்காது. ஒரு பிசிக்ஸ் ஃபிரேம் பொறுங்கள்.

கேட்டவர்:
26 வைத்ததும் மூலையில் வழுக்கிக்கொண்டு போகிறான், பார்க்கவே சந்தோஷம். 46-ம் சரியாக அடிக்கிறது. மூன்று அரக்கர்களை விட்டுப் பார்த்தேன், ரயில்பெட்டி மாதிரி ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். இதற்குத் தனி இழை போடவா?

பதில் 2:
வேண்டாம், இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூவருக்கும் ஒரே இலக்கு கொடுத்தால் அப்படித்தான் வரும். 1980-இல் வந்த பேக்-மேனில் சிவப்புப் பேய் பிளேயர் இருக்கும் கட்டத்தையே குறிவைக்கும், இளஞ்சிவப்புப் பேய் அவருக்கு நான்கு கட்டம் முன்னால் குறிவைக்கும். நீங்களும் ஒருவனுக்கு பிளேயரையே இலக்காகக் கொடுங்கள், இன்னொருவனுக்கு பிளேயர் போகும் திசையில் 100 பிக்சல் தள்ளிக் கொடுங்கள், மூன்றாமவனைப் பக்கவாட்டில் அனுப்புங்கள். கிட்டே வந்ததும் மூவருக்கும் இலக்கு பிளேயரேதான்.

கேட்டவர்:
செய்துவிட்டேன். என் ஆட்டத்தில் நானே மூன்று முறை செத்தேன். இழையை "தீர்ந்தது" என்று மாற்றுகிறேன்.