சிறு வயதில் உண்ட சோலாப் பூரி உண்மையிலேயே அவ்வளவு பெரிதா?

கேள்வி:
1980களின் இறுதியில், அப்பா சம்பளம் வாங்கிய மறுநாள் மாலை எங்களைத் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தை அடுத்திருந்த ஓர் உணவகத்துக்கு அழைத்துச் செல்வார். எனக்கும் தங்கைக்கும் சேர்த்து ஒரே ஒரு சோலாப் பூரிதான். எவர்சில்வர் தட்டை அடைத்துக்கொண்டு என் தலையைவிடப் பெரிதாக உப்பி வரும் அதை யார் முதலில் விரலால் குத்துவது என்று இருவருக்கும் போட்டி நடக்கும். ஓட்டை விழுந்த இடத்தில் புஸ்ஸென்று ஆவி கிளம்பி, பூரி மெல்ல அமுங்குவதைப் பார்த்து முடித்த பிறகே சாப்பிடத் தொடங்குவோம். சென்ற மாதம் என் மகளுக்கு அதைக் காட்டும் ஆசையில் வேறோர் உணவகத்துக்குச் சென்றேன். வந்ததோ ஏற்கெனவே அமுங்கி, ஓரம் சுருங்கிய பூரி. அன்று நான் கண்டது சிறுபிள்ளைக் கண்ணின் மயக்கமா, இல்லை, செய்முறைதான் மாறிவிட்டதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
மயக்கமில்லை. உணவகச் சமையற்கட்டில் 11 ஆண்டுகள் பூரி போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். மைதாவைத் தயிர் சேர்த்துப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி, 2 மணி நேரமாவது ஊறவிட்டால்தான் மாவு கிழியாமல் இழுபடும். நன்கு காய்ந்த எண்ணெயில் விழுந்ததும் அதன் மேற்புறம் இறுகிவிட, உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி, வெளியேற வழியின்றி இரு தோல்களையும் பிரித்துத் தள்ளுகிறது. 1 கிராம் தண்ணீர் ஆவியானால் ஒன்றரை லிட்டருக்கும் மேல் இடம் பிடிக்கும் என்பதால், ஒரு கைப்பிடி மாவு அவ்வளவு பெரிய பந்தாக எழுந்தது உண்மைதான். ஆனால் ஆவி குளிர்ந்தால் மீண்டும் தண்ணீராகிவிடும். மைதாத் தோலும் மென்மையானது. ஆகவே வாணலியிலிருந்து ஓரிரு நிமிடத்துக்குள் அது மேசைக்குப் போயாக வேண்டும். மற்றப் பண்டங்கள் தயாராகும்வரை காத்திருந்த பூரிதான் உங்களுக்கு வந்திருக்கும். கூட்டம் குறைந்த வேளையில் சென்று, சமையற்கட்டை ஒட்டிய மேசையில் அமர்ந்து, பூரியை எடுத்தவுடன் கொண்டுவரும்படி பரிமாறுபவரிடம் சொல்லிப் பாருங்கள்.

பதில் 2:
எங்கள் ஊர் உணவகப் பலகையில் ‘சோழா பூரி’ என்று எழுதியிருந்ததால், அது ராஜராஜ சோழன் காலத்துப் பலகாரம் என்றே 10 வயதுவரை நம்பியிருந்தேன். பஞ்சாபியர் கொண்டைக்கடலைக் குழம்பைச் ‘சோலே’ என்றும், அதனோடு உண்ணும் பொரித்த மைதா ரொட்டியைப் ‘பட்டூரா’ என்றும் சொல்வதையும், அந்தச் சோலேதான் நம் பக்கம் பூரிக்குப் பெயராக ஒட்டிக்கொண்டதையும் பிறகு அறிந்தேன். ஆயினும் இன்றும் அந்தத் தட்டு வரும்போது அரசர் வருவதைப் போல நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றுப் பிற்பகல் மூன்றரை மணிக்கே சென்று, சொன்னபடியே கேட்டுக்கொண்டோம். பரிமாறியவர் தட்டை உயர்த்திப் பிடித்தபடி ஏறக்குறைய ஓடியே வந்தார். மகள் விரலை நீட்டினாள். பிறகு பின்னுக்கு இழுத்துக்கொண்டு, “கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும் அப்பா” என்றாள்.