புதுப்பிப்பு: மார்பகச் சுயபரிசோதனை, எந்த நாளில், எந்த விரலால்

"மாதம் ஒருமுறை தடவிப் பாருங்கள்" என்று முன்பு எழுதியதோடு விட்டது பிழை. மாதவிடாய்க்கு முன் பார்த்துவிட்டு, கட்டி என்று பயந்து கேட்டவர்களே அதிகம். அந்த நாட்களில் பலருக்கு மார்பு முடிச்சு முடிச்சாகத்தான் இருக்கும். மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து 7–10ஆம் நாளில் பாருங்கள். மாதவிடாய் நின்றவர்கள் மாதத்தில் ஒரு திகதியைப் பிடித்துக்கொள்ளலாம்.

கிள்ளிப் பார்த்தால் எல்லாமே கட்டிபோலத்தான் இருக்கும். மல்லாந்து படுத்து, தோளுக்கடியில் தலையணை வைத்து, நடு மூன்று விரல்களின் உட்பகுதியால் மெதுவாக, பிறகு ஆழமாக அழுத்துங்கள். அக்குளை மறக்கவேண்டாம், பலர் அதைத்தான் விடுகிறார்கள்.

சுமார் 266,000 பெண்களிடம் நடந்து 2002இல் வெளியான சீனாவின் சாங்காய் நகர ஆய்வில், சுயபரிசோதனை கற்பித்தது மார்பகப் புற்றுநோய் இறப்பைக் குறைக்கவில்லை. ஆகவே விரலை மட்டும் நம்பவேண்டாம். புதிய கட்டி, தோல் குழிவு, காம்பில் இரத்தம் என்றால், நோவில்லாவிட்டாலும், களுவாஞ்சிக்குடியோ கல்முனையோ, பெண்களைப் பரிசோதிக்கும் உங்கள் பகுதிச் சுகவனிதையர் கிளினிக்கில் உடனே காட்டுங்கள்.