இரண்டடி இடப்பக்கம்

மணல்மேடு:

ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருங்காட்சியகங்களைப் பார்க்க நாங்கள் போனது 2018 ஜூன். கோபன்ஹேகனில் ஏறிய கப்பல் அங்கே ஒன்றரை நாள் நின்றது. எங்களிடம் ரஷ்ய விசா கிடையாது. அப்போது கப்பலில் வந்தவர்கள் 72 மணி நேரம் வரை விசா இல்லாமல் இறங்கலாம், ஆனால் உரிமம் உள்ள சுற்றுலா நிறுவனத்தோடுதான் சுற்ற வேண்டும். தனியாகப் போய் ஒரு காபி குடிக்கக்கூட வழியில்லை. அதனால் கப்பலிலேயே விற்ற டூரில் சேர்ந்தோம். நாற்பது பேர், ஒரு பஸ், நம்பர் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடும் ஒரு கைடு அம்மா. ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்துக்கு இரண்டரை மணி நேரம் என்று சீட்டில் போட்டிருந்தது. அதில் முக்கால் மணி நேரம் கழிப்பறை வரிசையிலும் தலை எண்ணுவதிலும் கழிந்தது.

ஹெர்மிடாஜ் இருக்கும் குளிர்கால அரண்மனையின் பெரிய படிக்கட்டில் ஏறும்போதே என் ஹெட்செட் கரகரவென்று இழுத்து அடங்கிவிட்டது. அதற்கப்புறம் என் வீட்டுக்காரர் காதில் விழுந்ததில் பாதிதான் எனக்கு வந்து சேர்ந்தது. ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் 1764ல் பெர்லின் வியாபாரி ஒருவரிடம் மொத்தமாக வாங்கிய ஓவியங்களோடு தொடங்கிய சேகரிப்பாம். பிரஷ்ய மன்னருக்காகச் சேர்த்து வைத்த சரக்கு அது. அவருக்கோ போர்ச் செலவில் கை காய்ந்துவிட்டது, இந்த அம்மாள் தட்டிக்கொண்டு போய்விட்டாள். கடன்காரன் வீட்டு நகை ஏலத்துக்கு வந்த மாதிரி என்றார் என் வீட்டுக்காரர். இதைக் கைடு சொல்லியிருக்க மாட்டார்.

லியனார்டோ டா வின்சியின் இரண்டு மடோனா படங்கள் இருக்கும் கூடத்தில் நான் பார்த்தது பிடரிகளையும் தூக்கிப் பிடித்த போன்களையும்தான். அங்கிருந்து நடையாய் நடந்து ரெம்பிராண்ட் அறை. 'ஊதாரி மகன் திரும்பி வருதல்', பைபிளின் கெட்ட குமாரன் கதையை வரைந்த, ஆளைவிட உயரமான படம். நேரெதிரே போய் நின்றால் ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் விழுந்து பளபளக்கிறது. சட்டென்று ஒரு போட்டோ எடுத்தேன். எங்கள் நம்பர் அட்டை அதற்குள் அடுத்த அறைக்குப் போய்விட்டது.

ஒவ்வொரு அறையிலும் ஒரு வயதான அம்மா நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருப்பார். அந்த அறைப் பாட்டி சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து வந்தார். கிட்டே போய்விட்டேன் என்று திட்டப் போகிறார் என நினைத்தேன். அவர் என் முழங்கையைப் பிடித்து இடப்பக்கம் இரண்டடி தள்ளி, கொஞ்சம் பின்னால் இழுத்து நிறுத்தினார். பளபளப்பு போய்விட்டது.

முதலில் கண்ணில் பட்டது உள்ளங்கால். மண்டியிட்டிருக்கும் மகனின் ஒரு செருப்பு கழன்று கிடக்கிறது. பாதம் அழுக்கேறி, நடந்து நடந்து தேய்ந்து, நம்மைப் பார்த்தபடி இருக்கிறது. ஒட்ட மழித்த தலை. பாட்டி தன் இரண்டு கைகளையும் தூக்கி ஒன்று மாற்றி ஒன்றாகக் காட்டினார். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு படத்தைப் பார்த்தால், மகன் முதுகில் வைத்த தகப்பனின் கைகளில் ஒன்று அகலமாக முரட்டுக் கை, மற்றது மெலிந்து ஒரு அம்மாவின் கை போல. சின்ன வயதில் ஞாயிறு வகுப்பில் கெட்ட குமாரன் கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கைகள் பற்றி யாரும் சொன்னதில்லை. பாட்டி தலையை ஆட்டிவிட்டு நாற்காலிக்குத் திரும்பிப் போனார். எனக்குத் தெரிந்த ஒரே ரஷ்யச் சொல் "ஸ்பசீபா", நன்றி. அதைச் சொல்லவும் மறந்துபோனேன். வீட்டுக்காரர் அரண்டுபோய் என்னைத் தேடி வந்தார், கைடு அம்மாவிடம் டோஸ் தனி.

பஸ்ஸில் திரும்பும்போது நல்ல ஹெட்செட் கிடைத்தது. 1941ல் ஜெர்மானியர்கள் நெருங்கியபோது பத்து லட்சத்துக்கும் மேலான பொருள்களை இரண்டு ரயில்களில் யூரல் மலைப் பக்கம் அனுப்பிவிட்டார்களாம். படச் சட்டங்களை மட்டும் சுவரிலேயே விட்டுவிட்டார்கள், படங்கள் திரும்பி வந்தால் அந்தந்த இடத்திலேயே மாட்டுவதற்கு. முற்றுகைக் காலத்தில் இடிபாடுகளை அள்ள உதவிய சிப்பாய்களுக்கு அருங்காட்சியக ஊழியர் ஒருவர் அந்த வெறும் சட்டங்களைச் சுற்றிக் காட்டி, இதில் இன்ன படம், இதில் இன்ன முகம் என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். அந்தப் பாட்டிக்கு அது தெரிந்திருக்கும். கேட்க மொழி இல்லை.

கடல்காகம்:

அக்கா, நீங்கள் அந்த ஒரு படமாவது பார்த்தீர்கள். நான் 2019ல் போனபோது எட்டு பேர் சேர்ந்து தனி வேன் பேசினோம். செலவு அப்படியொன்றும் கூடவில்லை, நேரம் நம் கையில். காலையில் ஹெர்மிடாஜ், மதியம் ரஷ்ய அருங்காட்சியகம். ஹெர்மிடாஜுக்குத் திங்கள் விடுமுறை, மற்றதற்குச் செவ்வாய். கப்பல் நிற்கும் நாளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

ரஷ்ய மன்னர் (ஜார்) இரண்டாம் நிக்கோலாஸ் தன் அப்பா நினைவாக 1895ல் ஏற்படுத்தி, மிகைலோவ்ஸ்கி அரண்மனையில் 1898ல் திறந்தது இந்த ரஷ்ய அருங்காட்சியகம். கப்பல் கூட்டம் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஒரே கூடத்தில் பிரியுல்லோவின் 'பொம்பேயின் கடைசி நாள்', ஐவசோவ்ஸ்கியின் 'ஒன்பதாம் அலை'. பொம்பேய் ஆறரை மீட்டர் அகலம், நாலரை மீட்டர் உயரம், கழுத்து வலிக்கும். பிரமாண்டம்தான், ஆனால் எனக்கு ஏனோ நாடக மேடை ஞாபகமே வந்தது.

நான் உறைந்து நின்றது ரேப்பினின் 'வோல்காவின் படகிழுப்பவர்கள்' முன்னால். பதினொரு பேர் தோள்வாரை மாட்டிக்கொண்டு கரையோரமாகப் படகை இழுக்கிறார்கள். எல்லாரும் மாடு மாதிரி குனிந்திருக்க, நடுவில் ஒரு சின்னப் பையன் மட்டும் நிமிர்ந்து வாரைப் பிடித்து நெம்புகிறான். தூரத்தில் பொடியாக ஒரு நீராவிக் கப்பல் புகை விட்டுக்கொண்டு நிற்கிறது. கைடு விரல் வைத்துக் காட்டாவிட்டால் நான் கவனித்திருக்கவே மாட்டேன். இழுக்க இயந்திரம் வந்தாயிற்று, ஆனால் ஆள் கூலி அதைவிட மலிவு.

இந்தப் படத்தை வாங்கியவர் ஜார் மன்னரின் மகன் விளாதிமிர் இளவரசர். மாட்டிய இடம் அவர் பில்லியர்ட்ஸ் ஆடும் அறை. இதைக் கேட்டதும் எங்கள் வேனில் ஒரு பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார்.

வெள்ளைக்குடை:

நான் ராஜகுடும்பத்துக்கு நகை செய்த ஃபேபர்ஜேயின் கட்சி. ஃபொன்டாங்கா கரையில் ஷுவலோவ் அரண்மனை, 2013ல் திறந்த ஃபேபர்ஜே அருங்காட்சியகம். ராஜகுடும்பத்துக்குச் செய்த நகை வேலைப்பாட்டு ஈஸ்டர் முட்டைகள் ஒன்பது இருக்கின்றன. 1885ல் ஜார் மூன்றாம் அலெக்சாண்டர் மனைவிக்குக் கொடுத்த முதல் முட்டையும் அதில் ஒன்று: மேலே வெள்ளை எனாமல் ஓடு, திறந்தால் தங்க மஞ்சள்கரு, அதைத் திறந்தால் தங்கக் கோழி. கோழிக்குள் இருந்த குட்டிக் கிரீடமும் மாணிக்கப் பதக்கமும் எப்போதோ காணாமல் போய்விட்டன. மற்றதெல்லாம் கல்யாண வீட்டு நகைப்பெட்டி மாதிரி கண்ணைக் கூச வைத்தது, பத்து நிமிடத்தில் சலித்துவிட்டேன்.

இனி போகிறவர்களுக்கு ஒன்று. 2022ல் உக்ரைன் போர் தொடங்கியதும் பெரிய கப்பல் நிறுவனங்கள் செயின்ட் பீட்டர்ஸ்பர்கைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. மணல்மேடு அக்கா, அந்தப் போட்டோ இருந்தால் போடுங்களேன்.

மணல்மேடு:

பழைய போனில் தேடி எடுத்தேன். பாட்டி எழுந்து வருவதற்கு முன்னால் எடுத்தது. தகப்பனின் சிவப்பு மேலங்கி ஒரு ஓரத்தில் தெரிகிறது. மிச்சமெல்லாம் ஜன்னல்.