1870-க்கு முந்தைய பேஸ்பால் நினைவுப்பொருள்கள்: வாங்குமுன் எதைச் சோதிக்க வேண்டும்?

கேள்வி – எழுதியவர்: பழைய_அட்டை

அனைவருக்கும் வணக்கம். 1880-களின் பிற்பகுதியில் குட்வின் நிறுவனம் ஓல்ட் ஜட்ஜ் சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்து வெளியிட்ட பேஸ்பால் வீரர்களின் பட அட்டைகளைச் சில காலமாகச் சேகரித்து வருகிறேன். ஒளிப்படக் கூடத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்ட பந்தைப் பிடிக்கப் பாய்வது போல வீரர்கள் நிற்கும் அந்தப் படங்களின் மீது எனக்குள்ள ஈடுபாடு சிறிதும் குறையவில்லை. ஆனாலும், 1869-இல் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணி வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்து ஆடத் தொடங்கியதற்கு முன்னர், நியூயார்க்கிலும் புரூக்ளினிலும் மன்றங்களாகச் சேர்ந்து ஆடிய காலத்துப் பொருள் ஒன்றாவது என்னிடம் இருக்க வேண்டும் என்ற ஆசை வலுத்துக்கொண்டே வருகிறது.

ஒரு விற்பனையாளர் இப்போது இரண்டு பொருள்களைக் காட்டியிருக்கிறார். ஒன்று, மட்டையுடன் ஒன்பது பேர் நிற்கும், சிறு அட்டையில் ஒட்டிய கார்ட் டி விசிட் வகை ஒளிப்படம். அதன் பின்புறம் வரி வில்லை, அதாவது வரி செலுத்தியதைக் காட்டும் அஞ்சல்தலை போன்ற சிறு தாள், ஒட்டப்பட்டுள்ளது. மன்றத்தின் பெயரோ ஆட்டக்காரர்களின் பெயரோ எங்கும் இல்லை. மற்றொன்று, ஒரே தோல் துண்டை நான்கு மடல்களாக வெட்டி மடித்துத் தைத்த, லெமன் பீல் எனப்படும் பழுப்பு நிறப் பந்து. அது 1850-களைச் சேர்ந்தது என்கிறார். இரண்டையும் வாங்க என்னால் இயலாது. எதைத் தேர்ந்தெடுக்கலாம், அதற்கு முன் எவற்றைச் சோதிக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 – எழுதியவர்: வெண்கருத்தாள்

நான் ஒளிப்படத்தின் பக்கம்தான் நிற்பேன், ஏனெனில் தன் காலத்தைத் தானே சொல்லக்கூடிய பொருள் அது. உள்நாட்டுப் போரின் செலவை ஈடுகட்ட அமெரிக்க அரசு ஒளிப்படங்களுக்கும் வரி விதித்தது. அந்த வரி 1864 செப்டம்பர் 1 முதல் 1866 ஆகஸ்ட் 1 வரைதான் நடைமுறையில் இருந்தது. ஆகவே வில்லை உண்மையிலேயே அந்த அட்டைக்கு உரியதாக இருந்தால், படம் விற்கப்பட்ட காலம் இரண்டே ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. விற்றவர் வில்லையைப் பேனாவால் அடித்துத் தம் பெயரின் முதலெழுத்துகளையோ தேதியையோ எழுதுவது வழக்கம். அந்த மை வில்லையைத் தாண்டி அட்டையின் மீதும் தொடர்ந்து ஓடியிருக்கிறதா என்று பாருங்கள், ஏனெனில் வேறொரு படத்திலிருந்து பெயர்த்து ஒட்டிய வில்லையில் அந்தக் கோடு விளிம்போடு நின்றுவிடும்.

அடுத்து அட்டையைக் கவனியுங்கள். 1860-களின் அட்டைகள் மெல்லியவை, அவற்றின் மூலைகள் சதுரமாக இருக்கும். வளைந்த மூலைகளும் தடித்த அட்டையும் 1870-களிலிருந்து பரவலாயின. படம் முட்டை வெண்கரு பூசிய தாளில் அச்சிடப்பட்டிருந்தால், உருப்பெருக்கியின் கீழ் தாளின் இழைகள் தெரியுமே தவிரப் புள்ளிகள் தெரியா. புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது பிற்கால அச்சகத்தின் நகல். தாளை வெண்மையாகக் காட்டும் ஒளிர்வேதிப் பொருள்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் புழக்கத்துக்கு வந்தன என்பதால், இருட்டறையில் புறஊதா விளக்கை அடிக்கும்போது தாளோ அட்டையோ பளிச்சென்று நீலவெண்மையாக ஒளிர்ந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதே இல்லை.

இவை எல்லாம் சரியாக அமைந்த பிறகுதான் படத்தில் இருப்பவர்களைப் பார்க்க வேண்டும். அக்காலத்து ஆட்டக்காரர்கள் நெஞ்சை மூடும் பொத்தான் வைத்த முன்துணியும் நீண்ட கால்சட்டையும் அணிந்தார்கள். முழங்கால் வரையிலான கால்சட்டையையும் நீண்ட காலுறையையும் பிரபலமாக்கியது சின்சினாட்டி அணி. அதே நெஞ்சுத்துணியைத் தீயணைப்புப் படையினரும் அணிந்ததால், மட்டையோ பந்தோ தெளிவாகத் தெரியாத குழுப் படங்களைப் பேஸ்பால் படம் என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. உங்கள் படத்தில் மட்டை இருப்பது நல்லது. அதன் வடிவம் உருண்டையா, தட்டையா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் கிரிக்கெட்டும் அந்த நகரங்களில் நன்றாக வேரூன்றியிருந்த காலம் அது.

பெயர் தெரிந்த படங்களின் விலை வேறு உயரத்தில் இருக்கிறது. மேய்ன் மாநிலத்தில் வாங்கிய பழைய படத்தொகுப்பு ஒன்றுக்குள் கிடைத்த 1865-ஆம் ஆண்டு புரூக்ளின் அட்லாண்டிக்ஸ் அணியின் படம் 2013-இல் 92,000 டாலருக்கு ஏலம் போனது. பெயர் தெரியாத உங்கள் படத்துக்கு அந்த ஏலத்தைக் காட்டி விலை கேட்டால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பதில் 2 – எழுதியவர்: நான்கு_மடல்

பந்தைப் பற்றிச் சொல்கிறேன். லெமன் பீல் தையலை மட்டும் வைத்து 1850-கள் என்று சொல்வது ஆதாரமற்றது. இன்றும் அமெரிக்காவின் பல ஊர்களில் 1860-களின் விதிப்படி ஆடும் மன்றங்கள் இருக்கின்றன. அவர்களுக்காக அதே தையலில் புதிய பந்துகள் செய்யப்படுகின்றன. நேர்மையாகச் செய்யப்பட்ட அந்தப் பந்துகளில் ஒன்றை யாராவது கறையேற்றி, வெயிலில் காயவைத்தால் பார்வைக்குப் பழையதாகிவிடும்.

அளந்து பாருங்கள். 1857-ஆம் ஆண்டு விதிகள் பந்தின் சுற்றளவை 10 முதல் 10¼ அங்குலம் என்றும், எடையை 6 முதல் 6¼ அவுன்ஸ் என்றும் வகுத்தன. பின்னர் படிப்படியாகக் குறைந்து, 1872-இல் நிலைபெற்ற 9 முதல் 9¼ அங்குலமே இன்று வரை தொடர்கிறது. கையால் செய்த பந்துகள் விதிக்கு அப்படியே கட்டுப்பட்டவை அல்ல, தோலும் சுருங்கும். எனவே அளவு தனியாக எதையும் நிரூபிக்காது. ஆனால் விற்பனையாளரின் கூற்றோடு அது முரண்பட்டால் அவர் விளக்கம் சொல்லியாக வேண்டும்.

தோற்ற அணி வென்ற அணியிடம் பந்தை ஒப்படைப்பது அக்கால மரபு. வென்றவர்கள் அதற்கு வண்ணமோ பொன்முலாமோ பூசி, தேதியையும் ஓட்டங்களையும் எழுதிக் கண்ணாடிப் பேழையில் வைத்தார்கள். அத்தகைய பந்தில் எழுதியுள்ளதை அக்காலச் செய்தித்தாளோடு ஒப்பிட்டு உறுதிசெய்ய முடியும். எழுத்தில்லாத பந்துக்குத் துணை நிற்பது கதை மட்டுமே.

கதையின் பலத்துக்கு ஒரு பந்தையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 1934-இல் கூப்பர்ஸ்டவுனுக்கு அருகே ஃபிளை கிரீக்கில் ஒரு பழைய பெட்டிக்குள் கிடைத்த கிழிந்த பந்தை அப்பகுதிச் செல்வந்தர் ஸ்டீஃபன் கிளார்க் ஐந்து டாலருக்கு வாங்கினார். 1839-இல் கூப்பர்ஸ்டவுனில் ஆப்னர் டபுள்டே பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்ற கூற்றோடு அது இணைக்கப்பட்டு, 1939-இல் அங்கே திறக்கப்பட்ட ஹால் ஆஃப் ஃபேம் காட்சியகத்தின் புகழ்பெற்ற பொருளாயிற்று. ஆனால் 1839-இல் டபுள்டே வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் மாணவராக இருந்தார். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் அவர் என்பதை இன்று எந்த வரலாற்றாசிரியரும் ஏற்பதில்லை. அந்தப் பந்து இப்போது பேஸ்பாலின் பிறப்புக்குச் சான்று அல்ல, அந்தப் புனைவுக்குத்தான் சான்று.

கேள்வி கேட்டவர் – பழைய_அட்டை

இருவருக்கும் மிக்க நன்றி. விற்பனையாளரின் அனுமதியோடு அளந்ததில் பந்தின் சுற்றளவு 9¼ அங்குலம் வந்தது, ஆகவே அதை விட்டுவிட முடிவு செய்துவிட்டேன். படத்தின் வில்லையில் உள்ள மைக்கோடு அட்டையிலும் தொடர்கிறது. புறஊதா ஒளியில் எதுவும் ஒளிரவில்லை. ஆனால் அட்டையின் பின்புறம் ஒரு மூலையில் காகிதம் சுரண்டப்பட்டது போன்ற தடம் தெரிகிறது. இது படத்தொகுப்பிலிருந்து எடுத்தபோது ஏற்பட்டதாக இருக்கலாம் என்கிறார். இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

பதில் 3 – எழுதியவர்: ஆவணக்காப்பு

கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தத் திரியில் இதுவரை பேசப்பட்ட எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தடம்தான்.

முன்னாள் ஆட்டக்காரரும் விளையாட்டுப் பொருள் வணிகருமான ஆல்பர்ட் ஸ்பால்டிங்கின் பேஸ்பால் தொகுப்பை அவர் மனைவி 1921-இல் நியூயார்க் பொது நூலகத்துக்கு வழங்கினார். பேஸ்பால் செய்தியாளர் ஹென்ரி சாட்விக்கின் ஒட்டுப் புத்தகங்களும் (செய்தித் துணுக்குகளை ஒட்டிவைத்தவை), சின்சினாட்டி அணியை நடத்திய ஹாரி ரைட்டின் கடிதங்களும், ஏராளமான படங்களும் அடங்கிய அந்தக் கருவூலத்திலிருந்து பல பொருள்கள் பிற்காலத்தில் திருடப்பட்டன. பாஸ்டன் பொது நூலகத்தின் பேஸ்பால் படத்தொகுப்புக்கும் இதே கதி நேர்ந்தது. 2009-இல் ஏலத்துக்கு வந்த ஹாரி ரைட் கடிதங்கள் குறித்து எஃப்.பி.ஐ. விசாரணை நடத்தியது. நூலக முத்திரையையும் வரிசை எண்ணையும் மறைக்கச் சுரண்டுவது, வெளுப்பது, மூலையை வெட்டுவது ஆகியவை இத்தகைய பொருள்களில் காணப்படும் அடையாளங்கள். ஒட்டியிருந்த பசையைப் பெயர்க்கும்போதும் இதே போன்ற தடம் விழும் என்பது உண்மையே. இரண்டையும் கண்ணால் மட்டும் பிரித்தறிவது கடினம். பக்கவாட்டிலிருந்து சாய்வாக ஒளி அடித்தும், புறஊதா விளக்கிலும், அந்த மூலையில் மையின் மிச்சம் தெரிகிறதா என்று தேடுங்கள்.

அமெரிக்கச் சட்டப்படி திருடனால் உரிமையை மாற்றித் தர இயலாது. நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து வாங்கியவருக்கும் இது பொருந்தும். நியூயார்க்கில், உரிமையாளர் பொருளைத் திருப்பிக் கேட்டு வாங்கியவர் மறுத்த பிறகுதான் வழக்குக்கான கால வரம்பே தொடங்குகிறது. இது பண இழப்போடு முடிகிற விஷயம் அன்று. எல்லோரும் பார்க்கட்டும் என்று கொடுக்கப்பட்ட ஒரு படம் யாரோ ஒருவருடைய இழுப்பறைக்குள் போய்விடுவது, இந்த ஆட்டத்தின் வரலாற்றை நேசிக்கிற நமக்கே இழைக்கப்படும் அநீதி. முந்தைய உரிமையாளர்கள் யார், எந்த ஏலத்தில் எப்போது விற்கப்பட்டது என்பதை எழுத்தில் கேளுங்கள். படத்தின் இருபுறத்தையும் நகலெடுத்து இரண்டு நூலகங்களின் சிறப்புத் தொகுப்புப் பிரிவுகளுக்கும் அனுப்பி, பதில் வரும் வரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

பதில் 4 – எழுதியவர்: மரச்செதுக்கு

இந்தப் படம் கைகூடாவிட்டால் அச்சுப் பொருள்களையும் எண்ணிப் பாருங்கள். ஹோபோக்கனின் எலிசியன் ஃபீல்ட்ஸ் மைதானத்தில் நடந்த ஆட்டத்தைக் காட்டும் மரச்செதுக்குப் படம் 1859 அக்டோபர் 15 தேதியிட்ட ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழில் வெளிவந்தது. தேதி அச்சிலேயே இருப்பதால் காலம் பற்றிய ஐயம் குறைவு. அது கறுப்பு மையில் மட்டுமே அச்சானது. வண்ணத்தோடு வந்தால் பின்னாளில் யாரோ தீட்டியது என்று கொள்ளுங்கள். தனித்தாளாக வெட்டியதை விட முழு இதழாகக் கிடைப்பதே மேல். 1860-இல் சாட்விக் தொகுத்து பீடில் நிறுவனம் பத்துச் சென்ட் விலையில் வெளியிடத் தொடங்கிய சிறு பேஸ்பால் கையேடுகளும் உண்டு. அவற்றில் முதல் ஆண்டு இதழ் மிக அரியது, பிந்தைய ஆண்டுகளின் இதழ்கள் அவ்வப்போது ஏலத்துக்கு வருகின்றன.