சேலத்துக்கு 135 லிட்டர், ஏற்காட்டுக்கு 55 லிட்டர்: இது சரியா?

அம்மாப்பேட்டை வாசி:
குடிநீர் அளவில் பாரபட்சம் என்று நேற்று ஏற்காட்டிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். மத்திய அரசின் 1999 குடிநீர்க் கையேட்டில் பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், இல்லாத ஊருக்கு 70 என்று இருந்தது. கிராமத்துக்கு, வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் 55. எனக்கு இதில் தவறு தெரியவில்லை. போதிய தண்ணீர் ஓடாவிட்டால் சாக்கடைக் குழாயில் கசடு தங்கி அடைத்துக்கொள்ளும். 2011 கணக்கெடுப்பிலேயே சேலம் மாநகராட்சியில் 8 லட்சம் பேருக்கு மேல். எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர், செப்டிக் டேங்க் தோண்ட இடம் ஏது? பெருமழைக்குச் சாக்கடை பொங்கினால் தறிக்குழிக்குள் வந்து நிற்கும். தறியில் ஏற்றிய பாவு நூல் நனைந்தால் ஒரு வாரக் கூலி போச்சு. முதலில் நகரம்தான்.

மலைக்காட்டுப் பெண்:
அண்ணா, எழுதியது நான்தான். சாக்கடை இருக்கிற ஊருக்குத் தண்ணீர், தண்ணீர் இருக்கிற ஊருக்குச் சாக்கடை என்றால் இரண்டும் இல்லாத ஊர் எப்போது மேலே வரும்? பணமும் அப்படித்தான் போகிறது. நகரங்களின் குடிநீர், சாக்கடைக்காக 2015-இல் வந்த மத்திய அரசின் அம்ருத் திட்டத்தில் பெரும்பாலும் லட்சம் பேருக்கு மேல் உள்ள 500 நகரங்கள். 2021-இல் இரண்டாம் கட்டம் வந்து எல்லா நகரங்களுக்கும் குடிநீர் என்றது, சாக்கடை மட்டும் அந்த 500-க்கே. ஊராட்சியான நாங்கள் அந்த வரிசையிலேயே இல்லை. மழை நன்றாகப் பெய்கிற மலைதான், ஆனால் பாறைச் சரிவில் நிற்காமல் ஓடிவிடுகிறது. கோடை விழாவுக்குக் கூட்டம் வருகிற மே மாதத்தில் விடுதிகளுக்கு லாரி லாரியாகத் தண்ணீர் போகும். நாங்கள் ஊற்றடியில் குடத்தோடு நிற்போம்.

கொண்டலாம்பட்டி:
இரண்டு பேரும் ஆற்றின் கீழ்ப்பக்கம் இருப்பவர்களை மறந்துவிட்டீர்கள். சேர்வராயன் மலையில் பிறக்கிற திருமணிமுத்தாறு சேலத்தின் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு நாமக்கல் பக்கம் போய்க் காவிரியில் சேர்கிறது. குழாய் பதித்தால் மட்டும் போதாது, வீட்டு இணைப்பும் சுத்திகரிப்பும் சேர்ந்து நடக்க வேண்டும். சென்னைக்கு 1978 முதல் தனி வாரியமே உண்டு. மற்ற ஊர்களில் பெரும்பாலும் 1971-இல் அமைந்த குடிநீர் வடிகால் வாரியம் திட்டத்தைக் கட்டி உள்ளாட்சியிடம் ஒப்படைத்துவிடும். பிறகு மோட்டார் எரிந்தாலும் குழாய் உடைந்தாலும் உள்ளாட்சி தன் வருமானத்தில் பார்க்க வேண்டும். ஊருக்கு ஊர் ஏற்றத்தாழ்வு அதிகமாவது அங்கேதான்.

அம்மாப்பேட்டை வாசி:
அது உண்மை. ஆனால் மேட்டூர் தண்ணீரைச் சேலத்துக்குக் கொண்டுவரவே பம்ப் வைத்துத்தான் ஏற்றுகிறோம். சுமார் 1,500 மீட்டர் உயர மலைக்கு ஏற்ற யார் மின்கட்டணம் கட்டுவது?

மலைக்காட்டுப் பெண்:
காவிரி வேண்டும் என்று நான் கேட்கவே இல்லையே அண்ணா. சேலத்தின் குடிநீருக்காகவே 1911-இல் கட்டிய பனமரத்துப்பட்டி ஏரியை, மேட்டூர் தண்ணீர் வந்தபின் நகரம் கைவிட்டது. பக்கத்தில் இருக்கிற தண்ணீரைக் காப்பாற்றிவிட்டுச் செலவுக் கணக்கு பேசலாம்.

எங்களுக்குப் பாறையை வெடித்துப் பாதாளச் சாக்கடையும் வேண்டாம். ஊற்றுகளுக்கு வேலி, ஓடைகளில் தடுப்பணை, வீடுகளுக்கு ஒழுங்கான செப்டிக் டேங்க், அதை அள்ள மலையிலேயே ஒரு லாரி, கொட்டிச் சுத்திகரிக்க ஓர் இடம். செப்டிக் டேங்க் கழிவுக்கு மாநில அரசே 2014-இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. இன்று லாரி கீழேயிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும். வாடகை தாங்காமல் எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் டேங்க்கை நிரம்பி வழிய விட்டுவிட்டார்கள். அது இறங்குகிற ஓடைக்குக் கீழேதான் நாங்கள் தண்ணீர் எடுக்கிற கிணறு.

கொண்டலாம்பட்டி:
அந்த ஓடையும் கடைசியில் எங்கள் பக்கம்தான் வரும், தங்கச்சி.

அம்மாப்பேட்டை வாசி:
லாரி, சுத்திகரிப்பு இடம் இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன்மா. விடுதிகள் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தோட்டத்துக்கு விட்டால்தான் உரிமம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்கள் 135-ஐக் குறைக்க விடமாட்டேன்.

மலைக்காட்டுப் பெண்:
குறைக்கச் சொல்லவில்லை அண்ணா. எங்கள் 55-ஐ ஏற்றச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக் கக்கூஸுக்கும் ஒரு தடவைக்கு ஒரு வாளித் தண்ணீர்தான் ஆகிறது.