ரிலீஸ் போர்டுல காது கேஸ் உங்களுக்கு என்னாச்சு? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க

போஃபர்ஸ் கன்னர், வேலூர் பக்கம்

எல்லாருக்கும் வணக்கம். 1994ல ஆர்ட்டிலரில சேந்தேன், 2018ல ஹவில்தாரா பென்ஷன் வந்தேன், சர்வீஸ் பூரா மீடியம் ரெஜிமென்ட் தான். 1999 கார்கில் போர்ல டிராஸ் பக்கம் எங்க கன் பொசிஷன்ல ராத்திரி பகல்னு பாக்காம அடிச்சிருக்கோம், 155 எம்எம் குண்டு கையில இருக்கும்போது காத எதால பொத்துறது, பஞ்ச உருட்டி வச்சுக்குவோம் அதுவும் வேர்வையில நழுவி வெளிய வந்துரும். அப்புறம் வருஷா வருஷம் மகாஜன், பொக்ரான்னு ரேஞ்சு ஃபயரிங் வேற.

பென்ஷன் வர்றதுக்கு முன்னாடி உடம்ப சோதிக்கற ரிலீஸ் மெடிக்கல் போர்டுக்குப் போனப்ப ஈஎன்டில ஒரு சின்ன ரூம்ல உக்கார வச்சு ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டா பட்டன அமுக்குன்னாங்க. எனக்கு காதுக்குள்ள எப்பவும் கீஈஈன்னு ஒரு சத்தம் ஓடிக்கிட்டே இருக்கும், மெஷின்ல வர்ற பீப்பும் கிட்டத்தட்ட அதே சுருதி தான். எது மெஷின் எது என் காதுன்னு எப்படி கண்டுபுடிக்கறது? தோணினப்பல்லாம் அமுக்கினேன். "ஒழுங்கா பண்ணுய்யா, நடிக்காத"ன்னு உள்ள இருந்தவர் ஒரு சத்தம் போட்டாரு, அது மட்டும் நல்லா கேட்டுச்சு.

கடைசில ரெண்டு காதும் நரம்பு சம்பந்தப்பட்ட கேள்விக் குறைவு, டிஸெபிலிட்டி 15-19 பர்சன்ட், "நானா" (NANA)ன்னு எழுதிட்டாங்க. அதாவது சர்வீஸால வந்ததும் இல்ல, சர்வீஸால கூடினதும் இல்ல. காரணம்னு ஒரே வரி, பீஸ் ஸ்டேஷன்ல, அதாவது சண்டை இல்லாத ஊர்ல இருந்தப்ப, ஆரம்பிச்சதாம். பீஸ் ஸ்டேஷன்ல இருந்து தானய்யா ரேஞ்சுக்குப் போறோம், அங்க என்ன தீபாவளி பட்டாசா வெடிச்சோம்? டிஸெபிலிட்டி பென்ஷன் கேட்டு முதல் அப்பீல் போட்டேன், அதே வரிய திருப்பி அனுப்பிட்டாங்க. மேல போலாமா வேணாமான்னு யோசனையா இருக்கு, யாருக்காவது கிடைச்சிருக்கா?

இன்ஜின் டெக்னீசியன், தாம்பரம்

அண்ணே, நான் ஏர்ஃபோர்ஸ். மிக் போர் விமான இன்ஜின தரையில வச்சு ஓட்டிப் பாக்கும்போது பக்கத்துலயே நிப்போம், தலையில மாட்டற மஃப் குடுத்திருந்தாங்க, ஆனா கூட நிக்கறவன் சொல்றது கேக்கணுமேன்னு ஒரு பக்கம் தூக்கி விட்டுக்குவோம். எனக்கு ஒரு நல்லது நடந்துச்சு. சர்வீஸ் பாதில ஒரு டாக்டர் தானாவே ஆடியோமெட்ரி, அதாவது காது டெஸ்ட், எடுக்க அனுப்பினாரு, கிராஃப் 4000 ஹெர்ட்ஸ் கிட்ட வந்ததும் பள்ளத்துல விழுந்த மாதிரி இறங்குச்சு. சத்தத்தால போன காதுக்கு இதான் அடையாளம், வயசானா வர்றது இப்படி ஒரே இடத்துல குழியா இருக்காதுன்னு அவர் அப்பவே எழுதி கையெழுத்துப் போட்டாரு. அந்தப் பேப்பர் ஃபைல்லயே இருந்ததால ரிலீஸ் போர்டுல யாரும் பெருசா பேசல. சர்வீஸால வந்ததுன்னு ஒத்துக்கிட்டு 20 பர்சன்ட் போட்டாங்க.

20 போட்டா என்ன கிடைக்கும்னு தெரியாதவங்களுக்கு: 20ல இருந்து 50க்குள்ள இருந்தா 50ன்னு ரவுண்ட் பண்ணுவாங்க. முழு 100க்கு கடைசி சம்பளத்துல 30 பர்சன்ட், அப்ப 50க்கு 15. கடைசி சம்பளம் 40,000னு வச்சுக்கங்க, மாசம் 6,000, அதுக்கு மேல டிஏ. அதே ஆளுக்கு 19 போட்டிருந்தா பைசா கிடையாது. உங்க கிராஃபையும் என் கிராஃபையும் பக்கத்துல வச்சா பெரிய வித்தியாசம் இருக்காதுன்னு தான் நினைக்கிறேன், ஒரு நம்பர்ல இவ்வளவு கொடுமை.

சுபேதார் கிளர்க் (ஓய்வு), திருச்சி

வேலூர் தம்பி, உங்க கேஸ்ல ரெண்டு விஷயம் இருக்கு, ரெண்டையும் போட்டு கொழப்பிக்காதீங்க.

ஒண்ணு அந்த நானா. அது உடையும். 2013 ஜூலைல சுப்ரீம் கோர்ட் தரம்வீர் சிங் கேஸ்ல தெளிவா சொல்லிட்டாங்க, ஆள எடுக்கும்போது மெடிக்கல்ல எந்தக் குறையும் எழுதலைன்னா பின்னாடி வர்றது சர்வீஸால வந்ததுன்னு தான் எடுத்துக்கணும், இல்லைன்னு சொல்றவங்க தான் காரணத்தோட நிரூபிக்கணும். நீங்க பர்த்தி ஆகும்போது, அதாவது ஆளெடுப்புல, ஆறு மீட்டர் தள்ளி நின்னு குசுகுசுன்னு பேசி காத டெஸ்ட் பண்ணித்தான எடுத்தாங்க, அப்ப கேட்டுச்சுல்ல? "பீஸ் ஸ்டேஷன்"னு ஒத்த வரி எழுதினா ஏஎஃப்டில, அதாவது ராணுவத்துக்காரங்க கேஸ விசாரிக்கற தீர்ப்பாயத்துல, நிக்காது, சென்னை பெஞ்சுலயும் இந்த மாதிரி கேஸ் நிறைய ஜெயிச்சிருக்கு.

ரெண்டாவது 20 பர்சன்ட். வருத்தமா தான் இருக்கு, ஆனா உள்ளத சொல்லணும். சர்வீஸ் முடியறதுக்கு முன்னாடியே மெடிக்கல்ல வெளிய அனுப்பினவங்களுக்கு 20க்குக் கீழ இருந்தாலும் வழி இருக்கு, 2014ல சுக்விந்தர் சிங் தீர்ப்பு. உங்கள மாதிரி முழு டேர்ம் முடிச்சு வந்தவங்களுக்கு 2019 டிசம்பர்ல எஸ்.பி. ராத்தோர் கேஸ்ல கதவ சாத்திட்டாங்க, 20க்குக் கீழ இருந்தா ரவுண்டிங்கும் இல்ல, எதுவும் இல்ல. நானாவ மட்டும் உடைச்சுட்டு வந்தா கையில வெறும் ஆர்டர் தான் இருக்கும். வக்கீல் ஃபீஸ் வாங்கும்போது இத சொல்ல மாட்டாரு.

போர்டு பேப்பர்ல காது மட்டும் தான் இருந்துச்சா? பிபி, சுகர், முதுகுன்னு வேற ஏதாவது எழுதியிருந்தாங்களா?

அப்பாவுக்காக கேக்கறேன், தேனி

சுபேதார் ஐயா சொன்ன மாதிரி தான் எங்க அப்பாவுக்கும் நடந்துச்சு. அப்பா இன்ஃபன்ட்ரில மோர்ட்டார் பிளாட்டூன். வீட்டுல எது கேட்டாலும் "ஆமா ஆமா"ன்னு சொல்லிருவாரு, எங்க வீட்டுக்காரரு மொத தடவை வந்தப்ப "சாப்பிட்டீங்களா மாமா"ன்னு கேட்டதுக்கு "வடக்க தான் இருந்தேன்"னு பதில் சொன்னாரு. ஆம்பளைங்க கொரலாச்சும் பரவால்ல, என் பொண்ணு பேசறது சுத்தமா புரியாது, அதனால அவ போய் பேசறதையே விட்டுட்டா. வெளிய போனா கோவக்காரருன்னு பேரு, ஏன்னா சத்தமா பேசறாரு.

அவருக்கு சர்வீஸ்லயே காத வச்சு மெடிக்கல் கேட்டகிரி குறைச்சிருந்தாங்க, 20 பர்சன்ட், ஆனா நானா. வந்து ரொம்ப வருஷம் கழிச்சு தான் இத கேக்கலாம்னே எங்களுக்குத் தெரிஞ்சுச்சு. ஏஎஃப்டில கேஸ் போட்டோம், கிடைச்சுருச்சு. ஆனா அரியர்ஸ் கேஸ் போட்ட தேதிக்கு முன்னாடி மூணு வருஷத்துக்கு மட்டும் தான், ரிட்டயர் ஆன நாள்ல இருந்து கிடையாது. ஏதோ தர்சேம் சிங்னு 2008 தீர்ப்பாம், அத வச்சு தான் அப்படின்னு சொன்னாங்க. அதனால யோசிச்சுட்டே இருக்கறவங்க சீக்கிரம் போடுங்க, தள்ளத் தள்ள காசு தான் போகுது.

பட்டாலியன் பழசு

சொன்னா கோவிச்சுக்காதீங்க. இப்ப பென்ஷன் போறவன்ல பாதிப் பேரு போர்டுக்கு ஆறு மாசம் முன்னாடி இருந்து காது கேக்கல, பிபி இருக்குன்னு ஆரம்பிக்கிறான். நெஜமாவே கால் போனவன் வரிசைல பின்னாடி நிக்கறான். அதனால தான் டாக்டருங்களும் எல்லாரையும் சந்தேகமா பாக்கறாங்க.

இன்ஜின் டெக்னீசியன், தாம்பரம்

நடிக்கறவன் இருக்கான், இல்லைன்னு சொல்லல. ஆனா அத புடிக்க பெரான்னு ஒரு டெஸ்ட் இருக்கே, தலையில வயர ஒட்டி மூளைக்குப் போற சிக்னலையே பாக்கும், பட்டன் கிட்டன் ஒண்ணும் கிடையாது. சந்தேகம்னா அத எடுத்துப் பாக்க வேண்டியது தான, ஆள திட்டறது எதுக்கு. இன்னொண்ணு, 2023ல வந்த சிஏஜி (அரசு கணக்குத் தணிக்கை) ரிப்போர்ட்ல டிஸெபிலிட்டி வாங்கறது விகிதப்படி ஜவான்கள விட ஆபிசருங்க தான் அதிகம்னு இருந்துச்சு. கன்னு பக்கத்துல யாரு நின்னான்னு நமக்குத் தெரியும்.

அமெரிக்கால இந்தக் காது இரைச்சலுக்கு மட்டுமே தனியா 10 பர்சன்ட் குடுக்கறாங்க, அங்க முன்னாள் ராணுவத்துக்காரங்க அதிகமா வாங்கற ஐட்டமே அது தான். நம்ம போர்டுல இரைச்சல்னு சொன்னா "தூங்கினா சரியாயிரும்"னு பதில் வருது.

சிக்னல்ஸ் நாயக், ஈரோடு

பென்ஷன் கேஸ் ஒரு பக்கம் ஓடட்டும், காதுல மாட்டற மெஷினுக்கு அதுக்காக காத்துட்டு இருக்காதீங்க. ஈசிஎச்எஸ் (முன்னாள் ராணுவத்துக்காரங்க மருத்துவத் திட்டம்) கார்டு இருந்தா போதும், டிஸெபிலிட்டி இருக்கா இல்லையான்னு கேக்க மாட்டாங்க. பாலிகிளினிக்ல காட்டி ரெஃபர் வாங்கிட்டு எம்பேனல் ஆன ஆஸ்பத்திரில ஆடியோகிராம் எடுத்தா, ஈஎன்டி எழுதறத வச்சு லிமிட்டுக்குள்ள குடுப்பாங்க, மேல ஆகறது நம்ம கையில இருந்து. மொத வாரம் தட்டு வைக்கற சத்தம் கூட இடி மாதிரி இருக்கும், கழட்டி டிராயர்ல போட்டுராதீங்க. மெஷின் போட்டா கேஸ் வீக்காயிரும்னு ஒருத்தர் கிளப்பி விட்டாரு, அப்படி ஒண்ணும் இல்ல, மெஷின் தேவைன்னு ஸ்பெஷலிஸ்ட் எழுதினதே ஒரு பேப்பர் தான.

போஃபர்ஸ் கன்னர், வேலூர் பக்கம்

சாப், நீங்க கேட்டதும் போய் டிரங்குப் பெட்டிய கிளறினேன். பிபியும் எழுதியிருக்காங்க! பிரைமரி ஹைப்பர்டென்ஷன், 30 பர்சன்ட், அதுவும் நானா தான். நான் அத கணக்குலயே எடுத்துக்கல, மாத்திரை தான போடறோம்னு விட்டுட்டேன்.

சுபேதார் கிளர்க் (ஓய்வு), திருச்சி

அதத்தான் கேட்டேன். அப்ப ரெண்டையும் சேத்து காம்போசிட்னு ஒரு பர்சன்ட் போட்டிருப்பாங்க, கடைசிப் பக்கத்துக்கு முன்னாடி பாருங்க, 20 தாண்டியிருக்கும். இப்ப நீங்க காதோட சேத்து பிபியையும் கேக்கணும், ரெண்டுக்கும் நானாவ உடைச்சா ரவுண்டிங் தானா வந்துரும். 2023 செப்டம்பர்ல புது ரூல்ஸ் வந்திருக்கு, அது அதுக்கப்புறம் வெளிய வந்தவங்களுக்கு. நீங்க 2018, உங்களுக்குப் பழசு தான்.

மொத வேலையா ரெக்கார்ட் ஆபிசுக்கு ஒரு ஆர்டிஐ போடுங்க, பத்து ரூபா போஸ்டல் ஆர்டர் தான். "மெடிக்கல் டாக்குமென்ட்ஸ்"னு மொட்டையா கேக்காதீங்க, கொஞ்சத்த அனுப்பிட்டு முடிச்சுருவாங்க. பர்த்தி ஆனப்ப எடுத்த மெடிக்கல், மெடிக்கல் போர்டு ஃபாரம் ஏஎஃப்எம்எஸ்எஃப் 15, 16 ரெண்டும், எல்லா ஆடியோகிராமும், எந்தெந்த வருஷம் எந்த யூனிட்ல என்ன வேலைல இருந்தீங்கங்கற விவரம்னு தனித்தனியா எழுதிக் கேளுங்க. அது வர்ற வரைக்கும் செகண்ட் அப்பீல எழுதி வச்சுருங்க. இப்ப காம்போசிட் இருக்கற பக்கத்த மட்டும் ஒரு போட்டோ போடுங்க, பேரையும் ஆர்மி நம்பரையும் மறைச்சுட்டு. பாத்துட்டு என்ன எழுதணும்னு சொல்றேன்.