நேர்கோட்டில் ஒரு பாஸ், புள்ளிக்கோட்டில் இன்னொரு பாஸ்: யார் பேச்சைக் கேட்பது?

பாலம்தாண்டி:
வணக்கம். மலேசியாவில், பினாங்குப் பக்கம் பிறையிலிருந்து பாலம் தாண்டி, தீவில் உள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவன். பெக்டரி பெயர் வேண்டாமே. பல வருடம் டெக்னீஷியனாக இருந்துவிட்டு இப்போதுதான் பராமரிப்புப் பிரிவில் லீடர் ஆனேன். சம்பளம் கொஞ்சம் ஏறியது, தலைவலி அதைவிட ஏறியது.

யார் யாருக்குக் கீழே என்று காட்டும் சார்ட் ஆபீஸ் சுவரில் இருக்கிறது. அதில் என் பெட்டிக்கு மேலே நேர்கோடு இங்குள்ள மேனேஜருக்குப் போகிறது. பக்கவாட்டில் ஒரு புள்ளிக்கோடு, சிங்கப்பூரில் இருக்கும் ஒருவருக்கு. "அவர் சும்மா ஆலோசனைக்குத்தான்" என்றார்கள் எச்.ஆரில். ஆனால் அப்ரைசலில், அதாவது வருடாந்திர வேலை மதிப்பீட்டில், பாதி மார்க் அவர் கையில்.

போன வாரம் ஒரு மோல்டிங் மெஷினின் பாதுகாப்புக் கதவில் சென்சர் வேலை செய்யவில்லை. மேனேஜர், "நிறுத்தி மாற்று" என்றார். சிங்கப்பூர்க்காரர் போனில், "சென்சரை பைபாஸ் பண்ணி, அது இல்லாமலே ஓட்டு, சரக்கு போகட்டும், சனிக்கிழமை பார்க்கலாம்" என்கிறார். எழுத்தில் ஒன்றும் கிடையாது. புது சென்சர் வாங்கலாம் என்றால் 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் என் கையெழுத்து செல்லாது. மேனேஜர் கையெழுத்தும் போதாதாம், பட்ஜெட் சிங்கப்பூர் கணக்கில் இருக்கிறது. மெஷின் இப்போதைக்கு நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கும் என்று தெரியாது. உண்மையில் என் பாஸ் யார்?

கித்தாக்காட்டுப்பிள்ளை:
தம்பி, பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரம் 1972இல் ஆரம்பித்தது. நான் அதற்குப் பத்து வருடம் கழித்து அங்கே வேலைக்குச் சேர்ந்து, இப்போது ஓய்வில் இருக்கிறேன். அதற்கு முன்னால் கெடாவில் தோட்டத்துப் பிள்ளை. அங்கே வரிசை தெளிவாக இருக்கும். பெரிய துரை, சின்ன துரை, கணக்கு எழுதும் பெரிய கிராணி, அப்புறம் வேலை வாங்கும் மண்டோர், கடைசியில் நாம். ஆனால் என் அப்பா பயந்தது துரைக்கு அல்ல, கிராணிக்கு. செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் முழுநாளா அரைநாளா என்று எழுதுவது அவர் பேனாதானே. சட்டப்படி அவருக்குப் பெரிய அதிகாரம் ஒன்றும் இல்லை, எழுதுகிற அதிகாரம் மட்டும்தான்.

அதனால் சுவரில் இருக்கும் சார்ட்டைப் பார்த்து பாஸ் யார் என்று தேடாதீர்கள். ஒவ்வொரு கம்பெனியிலும் அதிகார வரிசை ஒன்றல்ல, மூன்று நான்கு உண்டு. பணத்துக்கு யார் கையெழுத்து, மார்க் யார் போடுகிறார், வேலையை நிறுத்த யாருக்கு உரிமை என்று தனித்தனியாகக் கேளுங்கள். உங்களுக்குப் பணமும் பாதி மார்க்கும் சிங்கப்பூரில். நிறுத்தும் உரிமை அங்கே இருக்கிறதா? எனக்குச் சந்தேகம். எல்.ஓ.ஏ. என்று ஒரு பட்டியல் பைனான்ஸில் இருக்கும், எந்தப் பதவி எவ்வளவு வெள்ளிவரை கையெழுத்துப் போடலாம் என்று. அதை வாங்கிப் படியுங்கள். லீடர் ஆக்கிவிட்டு அதைக் காட்டாமல் விடுவது பல இடத்தில் வழக்கம். கேட்டால் தருவார்கள், கேட்கத்தான் ஆள் இல்லை.

எச்ஆர்_கேஎல்:
ஐயா சந்தேகமாகச் சொன்னதை நான் உறுதியாகச் சொல்கிறேன். கதவு சென்சரை பைபாஸ் செய்வது நிர்வாக விவகாரம் அல்ல, 1994 ஆம் ஆண்டு தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்ட விவகாரம். 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருந்தே ஆக வேண்டும். அதுவும் ஓர் அதிகாரப்பூர்வ வரிசைதான், யாரும் சார்ட்டில் வரைவதில்லை, அவ்வளவுதான். 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளியிடம் சொல்லியும் நடவடிக்கை இல்லையென்றால் அங்கிருந்து விலகலாம். அதற்காக அவரைப் பழிவாங்க முடியாது. முதலாளிக்கான அபராதம் 5 லட்சம் வெள்ளிவரை ஏறியிருக்கிறது. இதைச் சொன்னால் பைபாஸ் பேச்சு சட்டென்று அடங்கும், நானே பார்த்திருக்கிறேன்.

"பேச்சைக் கேட்கவில்லை" என்று நடவடிக்கை எடுப்பார்களோ என்ற பயம் வேண்டாம். 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தில் விசாரணை இல்லாமல் தண்டிக்க முடியாது. விசாரணைக்காக இரண்டு வாரம்வரை இடைநீக்கம் செய்யலாம், அப்போதும் பாதிச் சம்பளத்துக்குக் குறையக்கூடாது. உடனே பாதுகாப்பு அதிகாரிக்கு ஈமெயில் போடுங்கள், மேனேஜருக்கு சிசி. வாட்ஸ்அப்பில் வேண்டாம்.

எம்பிஏ_பகுதிநேரம்:
அண்ணா, ஓர் ஆளுக்கு ஒரு மேலாளரிடமிருந்துதான் கட்டளை வர வேண்டும் என்று பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபயோல் 1916லேயே எழுதிவிட்டார். ஆனால் 1960களில் அமெரிக்க விண்வெளி ஒப்பந்தக் கம்பெனிகள் வேண்டுமென்றே இரண்டு பாஸ் முறையைப் பரப்பின. ப்ராஜெக்டும் தொழில்நுட்பமும் மோதட்டும், மோதினால்தான் மேலே இருப்பவருக்கு விஷயம் தெரியும் என்று. எனவே உங்கள் கம்பெனி குழம்பிப் போய் இப்படிச் செய்யவில்லை, தெரிந்துதான் செய்திருக்கிறது. ஆனால் மோதலைத் தீர்ப்பது உங்கள் வேலை இல்லை.

கித்தாக்காட்டுப்பிள்ளை:
நல்ல பாடம் தம்பி, ஆனால் "மேலே" என்றால் எவ்வளவு மேலே? இரண்டு கோடும் எந்தப் பெட்டியில் போய்ச் சேருகிறது என்று விரலை வைத்துத் தேடச் சொல்லுங்கள் அவரை. அந்தப் பெட்டிக்காரருக்குத்தான் இது பிரச்சினை.

பாலம்தாண்டி:
தேடினேன் ஐயா. ஷங்காயில் இருக்கும் ஒரு டைரக்டர் பெட்டியில் சேருகிறது. அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை!

எச்.ஆர். அக்கா சொன்னபடி ஈமெயில் போட்டேன். அன்றே பாதுகாப்பு அதிகாரி வந்து மெஷினில் ஓட்டக்கூடாது என்ற சிவப்பு டேக் மாட்டினார். அதற்கப்புறம் ஒருவரும் பைபாஸ் பற்றி வாயைத் திறக்கவில்லை. சென்சர் வாங்கும் ஆர்டருக்கு (பி.ஓ.) சிங்கப்பூரிலிருந்தே கையெழுத்து வந்தது, ஒரு வார்த்தை பேச்சில்லாமல். எல்.ஓ.ஏ.யும் கிடைத்தது. பாதுகாப்பு சம்பந்தமான உதிரிபாகத்துக்கு மேனேஜரே 3,000 வெள்ளிவரை போடலாமாம். அவருக்கே தெரியாது.

டிசம்பரில் அப்ரைசல். அந்த ஈமெயிலில் சிங்கப்பூர்க்காரருக்கு சிசி போடாமல் விட்டேன், அது சரியா?

எச்ஆர்_கேஎல்:
இல்லை. இப்போதே பார்வர்ட் பண்ணுங்கள், "தகவலுக்கு" என்று மட்டும் எழுதி. வேறு ஆள் சொல்லித் தெரிந்துகொண்டால்தான் மார்க் குறையும்.